இரண்டு வட்டங்களும் ஓர் அமானிதமும்



இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது, சில மாதங்களாக ஒரே காட்சியைத்தான் காண்கிறேன். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் என் மகள் அமர்ந்திருப்பாள். கைபேசியில் இருபது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே ஒரு தாள். அதில் அருகருகே இரண்டு வட்டப் படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பாள். அந்த இருபது நிமிடமும் வீட்டில் யாரும் மிக்சியைப் போடக்கூடாது என்பது அவள் தாயின் கட்டளை.

மகள் செவிலியர் பட்டப்படிப்பு முடித்தவள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். மருமகனும் உடன் செல்வதாக ஏற்பாடு. அதற்கு ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு குறுக்கே நிற்கிறது. வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 மதிப்பெண் வேண்டும், எழுதுதலில் 6.5 போதும் என்கிறது அங்குள்ள செவிலியர் மன்றம். முதல் முறை எழுதியபோது மற்ற மூன்றும் வந்துவிட்டன. எழுதுதலில் 6. அரை மதிப்பெண்தான் குறைவு. அந்த அரை மதிப்பெண்ணுக்காகச் செலுத்திய கட்டணத்தை மறுபடியும் செலுத்த வேண்டும் என்பதை மதரசா ஆசிரியரின் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். அதில் இரண்டு பகுதிகள். இரண்டாவது பகுதி கட்டுரை, 250 சொற்கள். மதிப்பெண்ணில் இரு மடங்கு கனம் அதற்குத்தான். முதல் பகுதியில் ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுப்பார்கள். பல வேளைகளில் இரண்டு படங்கள் இருக்கும். குறைந்தது 150 சொற்களில் அவற்றை விவரிக்க வேண்டும். பொருத்தமான இடங்களில் ஒப்பிட வேண்டும். இவ்வளவுதான் கேள்வி. "படத்தைப் பார்த்து எழுதுவதில் என்னம்மா சிரமம்? கண்ணால் காண்பதை எழுதிவிட வேண்டியதுதானே" என்று நான் கேட்டேன். மகள் சிரித்தாள். "அதுதான் அத்தா சிரமம். கண்ணால் காண்பதை மட்டும் எழுதணும்."

பயிற்சிக்காக அவள் எழுதிய ஒரு விடையைச் சேலத்திலுள்ள ஆசிரியை திருத்தி அனுப்பியிருந்தார். ஒரு நாட்டில் மக்கள் பேருந்து, ரயில், கார் ஆகியவற்றில் பயணம் செய்யும் பங்கை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளுக்குக் காட்டும் வட்டங்கள் அவை. கார்ப் பயணத்தின் பங்கு குறைந்து ரயிலின் பங்கு உயர்ந்திருந்தது. "பெட்ரோல் விலை ஏறியதால் மக்கள் ரயிலுக்கு மாறினர்" என்று மகள் எழுதியிருந்தாள். அவ்வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "பெட்ரோல் விலை இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது?" என்று அந்த அம்மையார் கேட்டிருந்தார்.

இதைப் படித்தபோது எனக்குப் பழக்கமான ஓர் இடத்திற்கு வந்துவிட்டதைப் போலிருந்தது. ஹதீஸ் கலையில் இதற்குப் பெயரே உண்டு. அறிவிப்பாளர் ஒருவர் தம் சொந்தச் சொல்லை நபி (ஸல்) அவர்களின் சொல்லோடு கலந்துவிட்டால் அதை 'இத்ராஜ்' என்பார்கள். அவ்வாறு கலப்புற்ற ஹதீஸ் 'முத்ரஜ்'. நாங்கள் ஓதிய காலத்தில் உஸ்தாத் அதற்குத் தந்த எடுத்துக்காட்டு இன்னும் நினைவிலிருக்கிறது. மக்கள் உளூ செய்துகொண்டிருப்பதைக் கண்ட அபூஹுரைரா (ரலி) அவர்கள், உளூவை முழுமையாகச் செய்யுங்கள் என்று கூறிவிட்டு, நனையாத குதிகால்களைக் குறித்து நபியவர்கள் எச்சரித்ததை எடுத்துரைத்தார்கள். முதல் பகுதி தோழரின் அறிவுரை. இரண்டாம் பகுதிதான் நபிமொழி. பின்னால் வந்த அறிவிப்பாளர் சிலர் இரண்டையும் ஒன்றாக்கி முழுவதையும் நபியின் வாக்காகவே அறிவித்துவிட்டனர். சொன்ன அறிவுரையில் பிழை ஏதுமில்லை. இருந்தாலும் அது நபியின் வாக்கன்று. ஹிஜ்ரி 463இல் மறைந்த கதீபுல் பக்தாதி இத்தகைய கலப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனி நூல் எழுதினார்.

பெட்ரோல் விலை ஏறியிருக்கலாம். மக்கள் அதனால் மாறியுமிருக்கலாம். ஆனால் படம் அதைச் சொல்லவில்லை. "நீ செய்தது இத்ராஜ்" என்றேன் மகளிடம். அன்றிலிருந்து அவள் தன் விடைகளில் இத்தகைய வரிகளைக் கண்டால் ஓரத்தில் 'இ' என்று போட்டுக்கொள்கிறாள். தேர்வு நடத்தும் கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்களோ!

ஒப்பிடுவதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் ஒரே ஹதீஸின் பல அறிவிப்புகளை ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைப்பார்கள். இவருடைய அறிவிப்பில் இந்தச் சொல் கூடுதல், அவருடைய அறிவிப்பில் அது இல்லை என்று வேறுபாட்டை மட்டும் குறிப்பார்கள். மகளின் ஆசிரியை சொல்லிக் கொடுப்பதும் ஏறத்தாழ இதுவே. முதல் வட்டத்தை முழுவதும் விவரித்து முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போனால் அங்கே ஒப்பீடு இல்லை. இரண்டு தனித்தனி விவரிப்புகளே இருக்கின்றன. பேருந்துக்குப் பேருந்து, ரயிலுக்கு ரயில் என்று அருகருகே வைக்க வேண்டும். எல்லா எண்களையும் அள்ளிக் கொட்டக்கூடாது. பெரிதாக மாறியதையும் சற்றும் மாறாததையும் பொறுக்கியெடுக்க வேண்டும். எண் எதுவும் கூறாமல் இரண்டு படங்களின் மொத்தப் போக்கை ஓரிரு வாக்கியங்களில் உரைக்கும் ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாயிருந்தாலும் மதிப்பெண் ஏறாதாம்.

இன்னொரு சிவப்புச் சுழியும் அந்த விடையில் இருந்தது. அதை அன்று நான் பொருட்படுத்தவில்லை. ரயிலில் செல்வோரின் 'நம்பர்' உயர்ந்தது என்று மகள் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு 'ப்ரபோர்ஷன்' என்று ஆசிரியை எழுதியிருந்தார். வட்டம் பங்கை மட்டுமே காட்டும். எத்தனை பேர் என்பதைக் காட்டாது என்று ஓரக் குறிப்பு. ஆங்கிலக்காரர்களுக்குச் சொல் நுணுக்கம் அதிகம் என்று எண்ணிக்கொண்டு தாளைத் திருப்பித் தந்தேன்.

இவ்விடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் ஓதிக்கொடுக்கும் மாலை மதரசாவில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனி வகுப்புகளில் ஓதுகிறார்கள். ரமளானுக்கு முன் நடந்த ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் மதரசாவின் நிலையைக் குறித்து அறிக்கை வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. வழக்கமாக ஒரு தாளில் எழுதி வாசிப்பேன். இம்முறை கணினிக் கடைத் தம்பியிடம் சொல்லி இரண்டு வட்டப் படங்களை வண்ணத்தில் அச்சிட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டு வட்டத்தில் பெண் பிள்ளைகள் 40 விழுக்காடு. இவ்வாண்டு வட்டத்தில் 50. பச்சை நிறம் பாதி வட்டத்தை நிறைத்து நின்றது. "அல்ஹம்துலில்லாஹ், நம் பெண் பிள்ளைகள் ஓதுவது வளர்ந்திருக்கிறது" என்றேன். சபையில் மாஷா அல்லாஹ் என்ற குரல்கள் எழுந்தன.

அதே கூட்டத்தில் எனக்கு ஒரு கோரிக்கையும் இருந்தது. நெடுஞ்சாலைக்கு அப்பால் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் குடும்பங்களின் பெண் பிள்ளைகளை அழைத்துவர ஓர் ஆட்டோ அமர்த்தித் தர வேண்டும் என்பது அது. சேலத்திலிருந்து கொச்சி செல்லும் சாலை நம் ஊர் ஓரமாக ஓடுவதும், அஸருக்குப் பின் அதில் லாரிகள் எப்படி வரும் என்பதும் சங்ககிரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிர்வாகத்தினர் கலந்து பேசினார்கள். ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "அஜ்ரத், ஆட்டோ இல்லாமலேயே பெண் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு ஆட்டோ எதற்கு?" என்னிடம் மறுமொழி இல்லை. அந்தப் பணம் ஒளூச் செய்யும் இடத்தின் குழாய்களுக்கு ஒதுக்கப்பட்டது.

அச்சிட்ட தாள் ஒன்று வீட்டு மேசையிலேயே கிடந்தது. ஒரு நாள் இரவு மகள் பயிற்சிக்கு வேறு படம் கிடைக்காமல் அதையே எடுத்துக்கொண்டாள். கைபேசியில் நேரத்தை வைத்தவள், ஐந்து நிமிடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அத்தா, இது எத்தனை பேரில் ஐம்பது விழுக்காடு?"

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு மொத்தம் 120 பிள்ளைகள். அதில் பெண்கள் 48. இவ்வாண்டு மொத்தம் 80, பெண்கள் 40. வட்டத்தில் பச்சை விரிந்ததற்குக் காரணம் பெண் பிள்ளைகள் கூடியதன்று. ஆண் பிள்ளைகள் 72இலிருந்து 40ஆகக் குறைந்திருந்தார்கள். பெண்களும் குறைந்தார்கள்; ஆண்கள் அதைவிட அதிகமாகக் குறைந்தார்கள். இரண்டு வட்டங்களையும் கடைத் தம்பி ஒரே அளவில் வரைந்திருந்தான். 120 பேரின் வட்டமும் 80 பேரின் வட்டமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. எண்கள் அனைத்தும் என் கையெழுத்தில் என் பதிவேட்டிலேயே இருந்தன. பங்கு வளர்ந்ததை எண்ணிக்கை வளர்ந்ததாக நான் அறிவித்துவிட்டேன். மகளின் தாளில் சுழிக்கப்பட்ட அதே பிழை. அவளுக்கு அது அரை மதிப்பெண்ணோடு போயிற்று.

இப்படிப்பட்ட பிழையின் கனம் எனக்குத் தெரியாததன்று. அதை நான் பிறரிடம் கண்டு கோபப்பட்டிருக்கிறேன். 2004 செப்டம்பரில் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சமயவாரி விவரங்கள் வெளியாயின. அப்போது நான் ஓதி முடித்து ஊர் திரும்பியிருந்த இளைஞன். முந்தைய பத்தாண்டில் 34.5 விழுக்காடாக இருந்த முஸ்லிம்களின் வளர்ச்சி 1991க்கும் 2001க்கும் இடையில் 36 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்று செய்தி பரவியது. தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தவர்களின் முகங்கள் நினைவிலிருக்கின்றன. உண்மையில் 1981இல் அஸ்ஸாமிலும் 1991இல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பே நடக்கவில்லை. காஷ்மீர் இல்லாத 1991ஐயும் காஷ்மீர் உள்ள 2001ஐயும் அருகருகே வைத்தால், அந்த மாநிலத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் பத்தாண்டுக்குள் புதிதாகப் பிறந்துவிட்டதைப் போலத் தோன்றும். அவ்விரு மாநிலங்களையும் நீக்கிச் சீராக ஒப்பிட்டபோது, வளர்ச்சி 32.9இலிருந்து 29.3ஆக இறங்கியிருந்தது. ஏறியதாகச் சொல்லப்பட்டது இறங்கியிருந்தது. அடுத்த பத்தாண்டில் அது மேலும் இறங்கி 24.6 ஆயிற்று. இந்துக்களின் வளர்ச்சி 16.8 என்பதையும், நம்முடையது அதைவிட இன்னும் கூடுதலே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. திருத்திய கணக்கும் விரைவிலேயே வந்தது. தேநீர்க் கடை வரை அது வந்து சேரவில்லை.

நம் மேடைகளும் இதற்கு விலக்கல்ல. 2001 கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 64.8. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9, மாநிலச் சராசரி 73.5. சமுதாயம் பின்தங்கிவிட்டது என்று அழ விரும்பும் பேச்சாளர் முதல் கணக்கை எடுப்பார். பெருமை பேச விரும்புபவர் இரண்டாவதை எடுப்பார். இரண்டும் உண்மை. எந்த முழுமையின் பங்கு என்பதை மட்டும் இருவருமே சொல்லமாட்டார்கள். நானும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

அன்றிரவு மகளிடம் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். சற்று வந்தது. "சபையில் யாரும் கவனிக்கவில்லை" என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசாமல் தாளை மடித்து வைத்தாள். அந்த வாரம் பெரிய பிள்ளைகளுக்கு நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் அந்நிஸா அத்தியாயம். சாட்சி சொல்வது தமக்கே எதிராக அமைந்தாலும் நீதியில் நிலைத்து நிற்குமாறு பணிக்கும் 135ஆம் வசனத்தை மறுநாள் விளக்கியாக வேண்டும். விளக்கினேன். பிள்ளைகள் எப்போதும்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கிதாபை விட்டுக் கண்ணை நிமிர்த்த முடியவில்லை.

அடுத்து வந்த நிர்வாகக் கூட்டத்தில், முன்பு நான் அளித்த அறிக்கையில் பிழை இருக்கிறது என்று எழுந்து சொன்னேன். பங்குக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முயன்றேன்; ஆலிம் பாடம் நடத்துவதைப் போல நீண்டுகொண்டே போயிற்று. சிலர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். லாரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இடைமறித்தார். "அஜ்ரத், எடைமேடையில் நாங்கள் இரண்டு சீட்டு வாங்குவோம். காலி வண்டிக்கு ஒன்று, பாரம் ஏற்றிய வண்டிக்கு ஒன்று. இரண்டையும் கழித்தால்தான் சரக்கு எவ்வளவு என்று தெரியும். காலி எடை தெரியாமல் பார எடையை மட்டும் காட்டினால் எவன் காசு தருவான்? நீங்கள் காலி எடையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவ்வளவுதானே?" அவ்வளவுதான். சபை முழுவதற்கும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

உடனே ஒருவர், "அப்படியானால் ஆட்டோ இல்லாததால்தான் பெண் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்" என்றார். நான் கேட்டதே அந்த ஆட்டோதான். ஆம் என்று தலையசைத்திருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் படம் அதையும் சொல்லவில்லை. மகளின் ஓரக் குறிப்பு 'இ' கண்முன் வந்தது. "தெரியாது. வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்று அமர்ந்துவிட்டேன். தெரியாது என்பதை அறிவின் பாதி என்று நம் முன்னோர் மதித்தார்கள். எனினும், சபையில் அதைச் சொல்லும்போது அவ்வளவு கௌரவமாக இருக்கவில்லை.

பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 48இலிருந்து 40 என்றால் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். நின்றவர்கள் பதினான்கு பேர். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். இரண்டு வட்டங்களுக்கு நடுவே நடந்த போக்குவரத்து எந்த வட்டத்திலும் இல்லை. இரண்டு வாரங்கள் அஸருக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் அந்தப் பதினான்கு வீடுகளுக்கும் சென்றேன். இரண்டு குடும்பங்கள் ஊரை விட்டே போயிருந்தன. இருவர் குர்ஆனை ஓதி முடித்துவிட்டதால் நிறுத்திக்கொண்டவர்கள். அதோடு போதுமென்று நினைத்துவிட்டார்கள். நால்வருக்கு அதே நேரத்தில் பள்ளிப்பாட டியூஷன். மீதி ஆறு பேரின் வீடும் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்தது. அவற்றுள் ஒரு வீட்டில், வாசலுக்கு வந்த தாய் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "பிள்ளை ஓதணும்னு தினமும் அழுகிறாள் அஜ்ரத். அவங்க அத்தா லோடு ஏற்றிக்கொண்டு போனால் பதினைந்து நாள் ஆகும். நான் யாரைச் சாலை தாண்டிக் கொண்டுவந்து விடச் சொல்வது?" என்றார். நான் பொதுக்கூட்டத்தில் வளர்ச்சி என்று சொன்ன பச்சை நிறத்திற்கு வெளியே அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் தன் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் படத்தை எடுத்துக் காட்டினாள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட படம். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் எதனால் மாண்டார்கள் என்பதை இரண்டு வட்ட வடிவங்களில் மாதவாரியாகக் காட்டுகிறது. 1854 ஏப்ரல் தொடங்கி ஓராண்டுக்கு ஒன்று, அடுத்த ஓராண்டுக்கு மற்றொன்று. முதலாண்டு வடிவம் பெரிதாக விரிந்து கிடக்கிறது, அடுத்தது சுருங்கியிருக்கிறது. காயத்தால் இறந்தோரைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே அதிகம் என்பது நீல நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. மரணங்கள் குறைந்த ஆண்டைச் சிறிதாகவே வரைந்திருக்கிறார். பரப்பை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். "அந்த அம்மா உங்க கடைத் தம்பியிடம் போகலை அத்தா" என்றாள் மகள்.

இப்போது ஆட்டோ வருகிறது. அந்த ஆறு பேரில் ஐவர் திரும்பியிருக்கிறார்கள். டியூஷன் போகும் பிள்ளைகளுக்காக ஃபஜ்ருக்குப் பின் ஒரு வகுப்பு தொடங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. ஆண் பிள்ளைகள் 32 பேர் குறைந்ததற்கு இன்னும் வீடு வீடாகப் போகவில்லை. குழாய் வேலை பாதியில் நிற்கிறது. அதற்கும் என் அறிக்கையே காரணம் என்று ஒளூச் செய்யும்போது சிலர் நினைவூட்டுகிறார்கள்.

அடுத்த அறிக்கைக்கான தாளை நேற்று மகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வட்டங்களின் தலைப்பிலும் மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதியிருந்தேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'மாஷா அல்லாஹ், முன்னேற்றம்' என்று நான் முடித்திருந்த வரியின் ஓரத்தில் 'இ' என்று போட்டுத் தந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் மறுபடியும் தேர்வு. துஆச் செய்யுங்கள்.